மிச்சமான நிலம் எங்கே போச்சு?

போன மாதம் ஒரு வேளாண்மைக் கல்லூரி விழாவுக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு மாணவர் பேசினார். திரையில் இரண்டே இரண்டு கட்டங்கள். ஒன்று சின்னது. மற்றது அதைப் போல சுமார் மூன்று மடங்கு பெரிசு. சின்னக் கட்டம், இன்றைக்கு உலகம் முழுக்கத் தானியம் பயிராகிற நிலம். பெரிய கட்டம், 1960 வாக்கில் இருந்த மகசூலே இன்றைக்கும் நீடித்திருந்தால் நமக்குத் தேவைப்பட்டிருக்கும் நிலம். 'இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் வெட்டாமல் விட்ட காடு. ஏக்கருக்கு இன்னும் நாலு மூட்டை கூடுதலாக எடுத்தால் இன்னும் காடு மிஞ்சும். காடு மிஞ்சினால் பூமி சூடாவது குறையும்' என்று முடித்தார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறுத்த ஆரம்பித்தது. கணக்கில் தப்பு இல்லை. ஆனால், அந்தப் பெரிய கட்டத்துக்குள் ஓர் ஆள்கூட இல்லையே! நிலம் இருக்கிறது, நெல் இருக்கிறது, காடு இருக்கிறது. நிலத்துக்குச் சொந்தக்காரர் எங்கே? வியாபாரி எங்கே? சர்க்கார் எங்கே?

முதலில் இந்தக் கணக்குக்கு மரியாதை செய்துவிடலாம். இதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தவர் சாதாரண ஆள் இல்லை, நார்மன் போர்லாக். அமெரிக்காவின் அயோவா மாநிலத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. மெக்ஸிகோ வயல்களில் வருஷக்கணக்காகக் கிடந்து குட்டைக் கோதுமை ரகங்களை உருவாக்கியவர். 1963-ல் இந்தியா வந்தார். 1966-ல் 18,000 டன் மெக்ஸிகோ விதைக் கோதுமையை நாம் கப்பலில் இறக்கினோம். அந்த முடிவுக்குப் பின்னால் நின்றவர்கள் இரண்டு தமிழர்கள். ஒருவர், அப்போது மத்திய உணவு மந்திரியாக இருந்த சி.சுப்பிரமணியம். இன்னொருவர், கும்பகோணத்துக்காரர் எம்.எஸ்.சுவாமிநாதன். அமெரிக்கக் கோதுமைக் கப்பல் எப்போது வரும் என்று துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாடு அது. 1970-ல் போர்லாக்குக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் சம்பாதித்த புண்ணியத்தில் ஒரு பிடியை இந்தப் பத்தி எழுதுகிறவனும் சாப்பிட்டிருக்கிறான். அதை மறுத்தால் நன்றிகெட்டவனாவேன்.

பசியிலிருந்து காட்டுக்கு அவர் போனது பிற்பாடு. 1950-களின் மகசூலே நீடித்திருந்தால், நூறு கோடி ஹெக்டேருக்கும் மேலான நிலத்தைக் கூடுதலாக உழவேண்டி வந்திருக்கும் என்றார். ஒரு ஹெக்டேர் இரண்டரை ஏக்கர். நூறு கோடி ஹெக்டேர் என்றால் மூன்று இந்தியா! எண்களும் அவர் பக்கம்தான். 1961-ல் உலகம் சுமார் 65 கோடி ஹெக்டேரில் 88 கோடி டன் தானியம் விளைவித்தது. இன்றைக்கு சுமார் 73 கோடி ஹெக்டேரில் 300 கோடி டன். ஜனங்கள் 300 கோடியிலிருந்து 800 கோடி ஆனார்கள், நிலம் அநேகமாக அப்படியே நிற்கிறது. அசாத்தியமான காரியம்.

சூடு பற்றியும் ஒரு கணக்கு உண்டு. ஜெனிஃபர் பர்னியும் இன்னும் இருவரும் 2010-ல் வெளியிட்டது. யூரியா தயாரிப்பதிலும் போடுவதிலும் வெளியாகும் வாயுக்களையெல்லாம் கழித்த பிறகும், மகசூல் உயர்ந்ததால் 1961 முதல் 16,100 கோடி டன் வரை கார்பன் காற்றில் கலக்காமல் தப்பியது என்றார்கள். ஆக, 'ரசாயன உரம் வந்துதான் பூமி சூடாச்சு' என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதையும் ஒரு தடவை படித்துவிட்டு முழங்கலாம்.

சரி, உறுத்தல் எங்கே?

2013-ல் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் என்பவரும் சகாக்களும் இதே கேள்வியை வேறு மாதிரி கேட்டார்கள். சர்வதேச ஆராய்ச்சி நிலையங்களின் புது ரகங்கள் வராமலேயே போயிருந்தால் 2004-க்குள் எவ்வளவு நிலம் கூடுதலாக உழப்பட்டிருக்கும்? விடை: 1.8 முதல் 2.7 கோடி ஹெக்டேர். அதாவது ஒன்றரை அல்லது இரண்டு தமிழ்நாடு. மூன்று இந்தியா எங்கே, இரண்டு தமிழ்நாடு எங்கே! இரண்டும் ஒரே கணக்கு இல்லைதான். போர்லாக் எல்லா நாட்டையும், எல்லாவிதமான முன்னேற்றத்தையும் சேர்த்துச் சொன்னார். இவர்கள் ஆராய்ச்சி நிலைய விதைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும், வித்தியாசத்துக்கு முக்கியமான காரணம் அது இல்லை. இவர்கள் கட்டத்துக்குள் ஆளைச் சேர்த்தார்கள். மகசூல் உயராவிட்டால் விலை ஏறியிருக்கும். விலை ஏறினால் ஏழை ஒருவேளைச் சோற்றைக் குறைத்துக்கொள்வான். பணக்காரன் கொஞ்சம் கறியைக் குறைத்துக்கொள்வான். இருக்கிற நிலத்திலேயே இன்னும் கொஞ்சம் கசக்கி எடுப்பார்கள். எல்லோரும் கோடரியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கு ஓடிவிட மாட்டார்கள். புது ரகங்கள் காப்பாற்றியதில் பெரும்பங்கு காடு இல்லை, வயிறு. எனக்கு அதுவே போதும். ஆனால், வயிற்றைக் காப்பாற்றியதற்குக் காட்டின் பெயரில் ரசீது போடக் கூடாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அது இதைவிட மோசம்.

ஜெவன்ஸ் என்று ஓர் இங்கிலீஷ் பொருளாதாரக்காரர். 1865-ல் நிலக்கரி பற்றி ஒரு புத்தகம் போட்டார். நீராவி எஞ்சின் திறமையாக ஆக ஆக, குறைந்த கரியில் அதிக வேலை நடக்கும், ஆகவே கரி மிச்சமாகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஜெவன்ஸ் இல்லை என்றார். எஞ்சின் ஓட்டுவது மலிவானதும், எஞ்சினே இல்லாத இடத்திலெல்லாம் எஞ்சின் வைத்தார்கள். கரிச் செலவு ஏறியது. நல்ல மைலேஜ் தரும் வண்டி வாங்கிய பிறகு முக்குக் கடைக்கும் வண்டியிலேயே போகிற ஆட்களை நமக்குத் தெரியும்தானே?

நிலத்துக்கும் இதே கதைதான். ஒரு ஏக்கரில் லாபம் இல்லையென்றால் பக்கத்துக் காட்டை யாரும் தொடமாட்டார்கள். ஏக்கர் நல்ல லாபம் தந்தால், அடுத்த ஏக்கரையும் உழத் தோன்றும். வேலி தாண்டினால் காடு.

உதாரணத்துக்கு ரொம்ப தூரம் போகவேண்டாம், ரேஷன் கடையில் தரும் பாமாயில் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தரும் பயிர்களில் எண்ணெய்ப் பனையை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஹெக்டேருக்கு மூன்றரை டன், நாலு டன் எண்ணெய். சோயா அரை டன் தருவதற்கே மூச்சு வாங்கும். உலகத்தின் தாவர எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாமாயில். அதற்குப் பிடித்த இடம், எண்ணெய்ப் பயிர் நிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மாணவரின் கட்டப்படி பார்த்தால், உலகத்தில் காட்டுக்கு மிகப் பெரிய உபகாரம் செய்த மரம் எண்ணெய்ப் பனைதான். சுமத்ராவிலும் போர்னியோவிலும் போய் அதைச் சொன்னால் ஒராங்குட்டான் சிரிக்கும். இந்தோனேசியாவில் மட்டும் இன்றைக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் ஹெக்டேர் அளவுக்கு எண்ணெய்ப் பனை நிற்கிறது. அதற்காகவும், காகிதக் கூழ் மரங்களுக்காகவும் வடிகால் வெட்டிக் காயவைத்த கரிச்சதுப்பு நிலங்கள் 2015-ல் பற்றி எரிந்தன. அந்த வருஷம் அந்த நாட்டில் தீ தின்ற நிலமும் காடும் சுமார் 26 லட்சம் ஹெக்டேர். சிங்கப்பூரில் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள்.

ஏன் இப்படி? சோறு ஓரளவுக்கு மேல் இறங்காது. அரிசி பாதி விலைக்கு வந்தால் நாம் இரண்டு மடங்கு சாப்பிடுவதில்லை. எண்ணெய்க்கு அந்த வரம்பு கிடையாது. மலிவானால் பிஸ்கெட்டுக்குப் போகும், சோப்புக்குப் போகும், ஷாம்புவுக்குப் போகும், அதுவும் மிஞ்சினால் டீசலோடு கலந்து லாரிக்குப் போகும். லாரிக்கு எப்போது வயிறு நிறைவது?

சோயாவும் இந்த ஜாதிதான். மனிதன் தின்பது கொஞ்சம், கோழியும் பன்றியும் தின்பதுதான் அதிகம். பிரேசிலில் செராடோ என்று ஒரு நிலப்பகுதி. புல்லும் கோணல்மாணல் மரங்களுமாகச் சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். வெளியே தெரிகிற மரம் குட்டை, மண்ணுக்குள் வேர் ஆழம். அதனால் தலைகீழ்க் காடு என்றே சொல்கிறார்கள். மண் ஒரே புளிப்பு, அலுமினியம் வேறு. ஒன்றும் விளையாது என்று விட்டிருந்தார்கள். 1970-களிலிருந்து விஞ்ஞானிகள் அந்த மண்ணுக்குச் சுண்ணாம்பும் பாஸ்பரஸும் போட்டு, வெப்பநாட்டுக்கு ஏற்ற சோயா ரகங்களைக் கொண்டுவந்து நிலத்தையே மாற்றிக் காட்டினார்கள். விஞ்ஞானமாகப் பார்த்தால் பிரமாதம். 1970-ல் பிரேசிலில் சோயா சுமார் 13 லட்சம் ஹெக்டேர். இன்றைக்கு நாலரை கோடி ஹெக்டேர் அளவில் நிற்கிறது. இத்தனைக்கும் ஹெக்டேர் மகசூல் ஏறக்குறைய மூன்று மடங்காகியிருக்கிறது! மகசூல் மூன்று மடங்கு கூடினால் நிலம் மூன்றில் ஒரு பங்காகக் குறையவேண்டும் என்பது கட்டத்தின் கணக்கு. குறையவில்லை, முப்பது மடங்கு கூடியது. செராடோவின் இயற்கைத் தாவரங்களில் பாதி போய்விட்டது.

இதில் எனக்கு ஜீரணமாகாதது ஒன்று உண்டு. உலக உணவுப் பரிசு என்று ஒன்றை ஆரம்பித்துவைத்தவர் இதே போர்லாக். அந்தப் பரிசை 2006-ல் யாருக்குக் கொடுத்தார்கள்? செராடோவை வயலாக மாற்றிய மூன்று பேருக்கு. அவர்கள் திறமைசாலிகள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால், 'மகசூலை உயர்த்தினால் புது நிலத்தை உழவேண்டியதில்லை' என்பதும், 'இத்தனை பெரிய புது நிலத்தை உழுது காட்டினார்களே, சபாஷ்' என்பதும் ஒரே வாயிலிருந்து வந்தால் கேட்கிறவன் என்ன செய்வான்?

இவ்வளவு சொன்னதால் நான் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளவேண்டாம். மகசூல் வேண்டாம், பாட்டன் காலத்து விவசாயத்துக்கே திரும்பலாம் என்பவர்களுக்கு இலங்கையை ஞாபகப்படுத்துகிறேன். 2021-ல் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடை செய்தார்கள். ஏழு மாதத்துக்குள் பின்வாங்கவேண்டி வந்தது. அதற்குள் நெல் படுத்துவிட்டது. அரிசியில் ஏறக்குறைய தன்னிறைவு கண்டிருந்த நாடு அரிசிக்கு வெளிநாட்டைப் பார்த்து நின்றது. மகசூல் போனால் முதலில் போவது சோறு.

நம் நாட்டுக் கணக்கும் போர்லாக் பக்கம் பாதி பேசும். இந்தியாவில் பயிராகிற நிலம் 1970-லிருந்து 14 கோடி ஹெக்டேர் அளவிலேயே நிற்கிறது. 1950-51-ல் 5 கோடி டன்னாக இருந்த உணவு தானியம் 33 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. அந்தப் பழைய மகசூலை வைத்துக்கொண்டு 140 கோடிப் பேருக்குச் சோறு போட முயன்றிருந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிவரை ஏர் ஓட்டியிருப்போம். இதை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன்.

மிச்சப் பாதிக்குப் பஞ்சாப் போகவேண்டும். நாட்டிலேயே கோதுமை மகசூல் உச்சத்தில் இருக்கும் மாநிலங்கள் பஞ்சாபும் ஹரியானாவும். காட்டுப் பரப்பு மிகக் குறைவாக இருக்கும் மாநிலங்களும் அவையே, நூற்றுக்கு நாலுகூட இல்லை. கூடுதலாக விளைந்ததே, ஒரு துண்டு நிலத்தையாவது காட்டுக்கு விட்டார்களா? ஏன் விடவேண்டும்? கொள்முதல் விலை நிச்சயம், மின்சாரம் இலவசம். 1960-61-ல் பஞ்சாபில் நெல் 2.27 லட்சம் ஹெக்டேர். இப்போது 31 லட்சம் ஹெக்டேர் அளவில். சோறே பெரிதாகச் சாப்பிடாத மாநிலம்! நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போனதும், ஜூனுக்கு முன்னால் நாற்று நடக் கூடாது என்று 2009-ல் சட்டம் போட்டார்கள். நடவு தள்ளிப்போனதால் அறுப்பும் தள்ளிப்போயிற்று. கோதுமை விதைக்க அவகாசம் இல்லாமல் வயலில் நிற்கும் தாளைக் கொளுத்துகிறார்கள். தண்ணீர் தேங்கிய வயலிலிருந்து மீத்தேன், கொட்டுகிற யூரியாவிலிருந்து நைட்ரஸ் ஆக்ஸைடு. கரியமில வாயுவைவிட 270 மடங்கு சூடேற்றும் சரக்கு அது. சுவாமிநாதன் 1968 ஜனவரியிலேயே, வாரணாசி அறிவியல் மாநாட்டில், மண்ணையும் நிலத்தடி நீரையும் உறிஞ்சுகிற விவசாயத்தில் போய் விழுந்துவிடாதீர்கள் என்று எச்சரித்தார். பசுமைப் புரட்சி என்ற பெயர்கூடப் பிறக்காத நேரம்.

நம்ம பக்கம்? விவசாயத்திலிருந்து விடுபட்ட நிலம் தானாகக் காடானதை நான் பார்த்ததில்லை. ஒன்று, சீமைக்கருவேலம் மண்டும். இல்லையென்றால், கலர் கொடி நட்டு, கல் ஊன்றி, ஏதாவது ஒரு 'அவென்யூ' ஆகிவிடும்.

அப்படியானால் எது காட்டைக் காப்பாற்றும்? இதற்கும் பிரேசிலுக்கே போகலாம். அமேசானில் 2004-ல் ஒரே வருஷத்தில் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு போயிற்று. 2012-ல் அது சுமார் 4,600. எட்டே வருஷத்தில் ஆறில் ஒரு பங்கு! அந்த எட்டு வருஷமும் சோயா உற்பத்தி குறையவில்லை, கூடத்தான் செய்தது. என்ன மந்திரம்? காடு வெட்டப்படுவதை உடனுக்குடன் சாட்டிலைட்டில் பார்த்தார்கள். பார்த்ததோடு நிற்காமல் ஆட்களை அனுப்பி அபராதம் போட்டார்கள். சட்டத்தை மீறியவருக்கு பேங்கில் கடன் இல்லை என்றார்கள். புதுசாக வெட்டிய அமேசான் காட்டில் விளைந்த சோயாவை வாங்கமாட்டோம் என்று பெரிய வியாபாரிகள் 2006-ல் ஒப்பந்தம் போட்டார்கள். புதுக் காட்டில் வழி அடைபட்டதும் விவசாயி பழைய நிலத்தில் மகசூலைக் கூட்டினார். மாணவர் சொன்னதற்கு நேர் தலைகீழ்! மகசூல் கூடியதால் காடு தப்பவில்லை. காட்டுக்குக் காவல் போட்டதால் மகசூல் கூடியது.

காவல் தளர்ந்ததும் என்ன ஆயிற்று? 2021-ல் மறுபடி 13,000 சதுர கிலோமீட்டர். மகசூல் ஒன்றும் அந்த வருஷம் பாதியாகிவிடவில்லை. ஆட்சிதான் மாறியிருந்தது. பக்கத்து செராடோவில் அந்த ஒப்பந்தமும் இல்லை, சட்டமும் தளர்வு. அமேசான் காட்டில் நிலம் வைத்திருப்பவர் 80 சதவிகிதத்தைக் காடாக விடவேண்டும். செராடோவின் பெரும்பகுதியில் 20 விட்டால் போதும். 2023-ல் அமேசானைவிட அதிகமான பரப்பை செராடோ இழந்தது. 2025-ல் அந்த சோயா ஒப்பந்தத்துக்கே ஆபத்து வந்தது. வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து வாங்க மறுப்பது போட்டிக்கு விரோதம் என்று அந்நாட்டுப் போட்டிக் கண்காணிப்பு அமைப்பு உத்தரவு போட்டுவிட்டது.

இதெல்லாம் நான் புதுசாகக் கண்டுபிடித்தது இல்லை. மகசூலை உயர்த்தி இயற்கைக்கு இடம் விடவேண்டும் என்று தீவிரமாக வாதாடும் பென் ஃபாலன் போன்றவர்களே, 2016-ல் சயன்ஸ் பத்திரிகையில் எழுதினார்கள், மகசூல் மட்டும் போதாது, நில வரையறை, பொருளாதாரக் கருவிகள், தரச் சான்றிதழ் போன்றவை அதோடு சேர்த்தே வரவேண்டும் என்று. ஆனால், மேடைக்கு வரும்போது முதல் பக்கம் மட்டும் வருகிறது. விதைக் கம்பெனிக்கும் உரக் கம்பெனிக்கும் முதல் பக்கம் போதும். விதை விற்கலாம், வேலி விற்க முடியாது.

அந்த மாணவர் போன வாரம் போன் செய்தார். என் சந்தேகங்களைச் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. 'சார், நான் மகசூல் படிக்கிறவன். வேலி போடுவது என் டிபார்ட்மென்ட் இல்லையே?' என்றார். நியாயம்தான். யார் டிபார்ட்மென்ட் என்று தேடினேன்.

2021 ஆகஸ்டில் மத்திய அரசு எண்ணெய்ப் பனைக்காகத் தனியாக ஒரு தேசிய இயக்கம் அறிவித்தது. 11,040 கோடி ரூபாய். புதுசாக ஆறரை லட்சம் ஹெக்டேரில் நடவேண்டும், அதில் பாதி வடகிழக்கு மாநிலங்களில். சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறோம், இந்த மரம் போல எதுவும் எண்ணெய் தருவதில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். வடகிழக்கில் 'சும்மா கிடக்கிற' நிலம் என்பதில் பெரும்பகுதி, பழங்குடி மக்கள் ஒரு தடவை பயிரிட்டுவிட்டு, மண் தேறட்டும் என்று வருஷக்கணக்கில் விட்டுவைத்த நிலம். நாலு வருஷம் விட்டால் மூங்கிலும் மரமுமாக எழுந்து நிற்கும்.

அங்கே காடு குறைந்தால் தெரியாமலா போகும் என்று கேட்பீர்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாட்டின் காட்டுப் பரப்பை அளந்து அறிக்கை தருவதற்கு இந்திய வன ஆய்வு நிறுவனம் இருக்கிறது. எது காடு என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் இலக்கணத்தைப் படித்தேன். ஒரு ஹெக்டேருக்கு மேல் இருக்கவேண்டும். மரங்களின் நிழல் பத்து சதவிகிதத்துக்கு மேல் விழவேண்டும். யாருடைய நிலம், எதற்குப் பயன்படுகிறது என்பதெல்லாம் கணக்கில்லை. பழத்தோட்டம், மூங்கில், பனை வகைகள் உட்பட.